இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிய கவசம்

எங்கள் திருவண்ணாமலையில் குதிரை என்றதும் இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று, தீபத் திருவிழாவின் எட்டாம் நாள் சுவாமி குதிரை வாகனத்தில் மாட வீதி வருவது. இன்னொன்று, தீபத்தை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தை. பெயர்தான் மாட்டுச் சந்தை, குதிரைகளும் வரும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேணம்கூட இல்லாமல் ஏறி ஓட்டிக் காட்டுவார்கள். வாங்குகிறவர்களைவிட வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

அந்த வேடிக்கையில்தான் என் அக்கா மகள் மாட்டிக்கொண்டாள். வயது 13. "சித்தி, நான் குதிரை ஓட்டக் கத்துக்கணும்" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் 23-வது இடம் பிடித்தாரே ஃபவாத் மிர்சா, அவருடைய படம் அவள் மேசைக்கு மேல் ஏறியது. 20 வருடங்களுக்குப் பிறகு அந்த விளையாட்டில் ஒலிம்பிக் போன இந்தியர் அவர் என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்தாள்.

ஒருவழியாக அக்காவும் மாமாவும் சம்மதித்தார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு, புதுச்சேரிப் பக்கம் ஒரு பயிற்சி மையம். செஞ்சி, திண்டிவனம் வழியாகக் காரில் பயணம். துணைக்குப் போவது என் பொறுப்பு. முதல் நாளே பயிற்சியாளர் சொல்லிவிட்டார்: "ஹெல்மெட் இங்கேயே இருக்கு. பாடி புரொடெக்டர் மட்டும் பொண்ணு அளவுக்கு நீங்க வாங்கிடுங்க."

பாடி புரொடெக்டர் என்பது கை இல்லாத கோட்டு மாதிரி இருக்கும் உடல் கவசம். உள்ளே கெட்டியான நுரை அடுக்குகள் இருக்கும். குதிரையிலிருந்து விழும்போதோ, குதிரை உதைக்கும்போதோ அந்த அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவி, நுரையால் உறிஞ்சப்படும். விலா எலும்புகளுக்கும் அவற்றுக்குள்ளே இருக்கிற உறுப்புகளுக்கும் பாதுகாப்பு.

"தேசிங்கு ராஜா இதெல்லாம் போட்டுக்கிட்டா குதிரை ஏறுனான்?" என்று கேட்டார் என் அம்மா. செஞ்சி பக்கத்து ஊர் என்பதால் எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் தேசிங்கு ராஜா வந்துவிடுவார். "அவர் 1714-ல சின்ன வயசுலயே போர்க்களத்துல போய்ச் சேர்ந்தவரும்மா. அவரை உதாரணம் காட்டாதே" என்றேன். அம்மாவின் வாயை அடைத்துவிட்டேனே தவிர, அடுத்து நான் செய்ததும் பெரிய புத்திசாலித்தனம் இல்லை.

நான் செய்த தவறு

ஒரு நாள் இரவு படுத்துக்கொண்டே போனில் தேடினேன். 'ரைடிங் சேஃப்டி வெஸ்ட்' என்று ஒன்று வந்தது. கறுப்பு நிறம், அழகான படம், கீழே நிறைய நட்சத்திரங்கள், விலையும் குறைவு. சைஸ் கேட்ட இடத்தில் என் விரல் தானாகவே இரண்டு சைஸ் மேலே போய் நின்றது. வளர்கிற பிள்ளை அல்லவா? தீபாவளிப் பாவாடையை உள்ளே மடித்துத் தைத்து மூன்று வருடம் ஓட்டிய பரம்பரை நாங்கள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. குதிரை மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேலி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் படபடத்தது. குதிரை சட்டென்று பக்கவாட்டில் ஒரு எட்டு எடுத்து வைத்தது. அவ்வளவுதான். இவள் இடது பக்கமாக விழுந்தாள். விழும்போது அந்தத் தொளதொள கவசம் மேலே ஏறிக் கழுத்தில் சிக்கிக்கொண்டது. காக்க வேண்டிய விலா, கவசத்துக்கு வெளியே இருந்தது.

எலும்பு முறியவில்லை. விலாவில் பலமான ஊமையடி. மூச்சை இழுத்து விடும்போதெல்லாம் வலித்தது. சிரித்தால் வலி, தும்மினால் வலி, படுத்துப் புரண்டால் வலி. இரண்டு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கவசத்தை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்தேன். எந்தத் தரச் சான்றும் அதில் இல்லை. உள்ளே இருந்தது பயணப் பைக்குள் வைக்கிற மாதிரி மெல்லிய ஸ்பாஞ்ச். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன், பயிற்சியாளரிடம் கேட்டேன். நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் லேபிளைப் படியுங்கள்

தங்கத்துக்கு ஹால்மார்க் பார்க்கிறோம், குக்கருக்கு ஐஎஸ்ஐ பார்க்கிறோம். குதிரையேற்றக் கவசத்துக்கு நாம் தேட வேண்டிய எண் இஎன் 13158. இது ஐரோப்பியத் தரம். 2018-ல் திருத்தப்பட்டது. கவசத்தின் உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளில் இந்த எண், வருடம், நிலை, சைஸ் எல்லாம் இருக்க வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்1937 என்று இருக்கும்.

'நிலை' என்பது முக்கியம். மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலை மிக லேசானது, பந்தய ஜாக்கிகளுக்கானது. இரண்டாம் நிலை ஆபத்து குறைவான சவாரிக்கு. கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கும், தடை தாண்டுகிறவர்களுக்கும், குதிரைகளோடு புழங்குகிற எல்லோருக்கும் பொருத்தமானது மூன்றாம் நிலைதான்.

சில லேபிள்களில் 'பீட்டா' என்றும் இருக்கும். பதற வேண்டாம், இது ஜல்லிக்கட்டுப் பீட்டா இல்லை! பிரிட்டனின் குதிரையேற்றப் பொருள் வணிகர்கள் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். அவர்களுடைய 2018-ம் ஆண்டுத் தரத்தில் மூன்றாம் நிலைக்கு நீல நிற லேபிள். அதற்கு முந்தைய 2009 தரத்தில் ஊதா. பழைய சரக்கா, புதிய சரக்கா என்று நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

வெறும் 'சிஇ' முத்திரை மட்டும் போதுமா என்றால், போதாது. அது பொம்மையிலும் இருக்கும், போன் சார்ஜரிலும் இருக்கும். அதோடு தர எண்ணும் நிலையும் சேர்ந்திருந்தால்தான் நம்பலாம்.

"வீட்டில் பைக் ஜாக்கெட் இருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளலாமா?" என்று மாமா கேட்டார். கூடாது. பைக் ஜாக்கெட் தார் ரோட்டில் வழுக்கிப் போகும்போது தோல் உரியாமல் இருக்கவும், தோள், முழங்கை, முதுகு ஆகிய இடங்களில் அடி படாமல் இருக்கவும் செய்தது. குதிரையிலிருந்து விழுவதும் குளம்பால் உதை வாங்குவதும் வேறு வகை. அதற்கு விலாவைச் சுற்றி முழு நுரை வேண்டும்.

அளவு: டெய்லர் அக்காவின் இன்ச் டேப்

இந்த முறை தெருமுனை டெய்லர் அக்காவிடம் அழைத்துப் போனேன். மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, தோளின் மேலிருந்து வயிறு வழியாக இடுப்புவரை நீளம் என்று மூன்றையும் எடுத்தார். தயாரிப்பாளர்களின் அளவு அட்டவணையில் பெரும்பாலும் இவைதான் கேட்கப்படும். வயதை வைத்து சைஸ் சொல்கிற இடத்தில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். 13 வயதுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் எத்தனை அளவில் இருக்கிறார்கள் என்பது நமக்கே தெரியும்.

பழைய கவசத்தைப் பார்த்த டெய்லர் அக்கா, "ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தந்துடட்டுமா?" என்று அன்பாகக் கேட்டார். அது சான்றில்லாத கவசம், தைத்தாலும் உதவாது. நல்ல கவசத்திலோ கத்தரி, ஊசி எதுவும் படவே கூடாது. நுரையில் ஓட்டை போட்டாலோ, அமைப்பை மாற்றினாலோ சான்றுக்கு அர்த்தம் போய்விடும்.

போட்டுப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

முதலில் தோள் பட்டையைச் சரி செய்யுங்கள். அப்புறம்தான் இடுப்புப் பக்கம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறுக்கம் இருக்க வேண்டும்.

பின்னால், கழுத்தடியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். கவசத்தின் மேல் விளிம்பு அதுவரை வர வேண்டும்.

முன்னால், கடைசி விலா எலும்புக்குக் கீழே குறைந்தது ஒரு அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். அதற்காக ரொம்பவும் நீளமாக இருந்தால் குனியும்போது தொடையில் இடிக்கும்.

உட்கார்ந்த நிலையில் பின்பக்கக் கீழ் விளிம்பு சேணத்தில் இடிக்கக் கூடாது. ஏறத்தாழ ஒரு கை அகலம் இடைவெளி இருக்கட்டும். இடித்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் கவசம் மேலே தள்ளப்படும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டின் பின் விளிம்பு கவசத்தில் முட்டக் கூடாது.

கடைசியாக, இரண்டு தோள் பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கவசம் தாடைவரை ஏறி வந்தால் அது பெரிய சைஸ். ஆழமாக மூச்சை இழுக்க முடியவில்லை என்றால் சின்ன சைஸ். இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும், ஆனால் மூச்சு முட்டக் கூடாது.

வசதியும் பாதுகாப்புதான்

இதைத்தான் நான் ரொம்பத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். எவ்வளவு உயர்ந்த சான்று வாங்கிய கவசமாக இருந்தாலும், போட்டால் குத்துகிறது, வேர்க்கிறது என்றால் பிள்ளை என்ன செய்யும்? நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் பட்டையைத் தளர்த்திவிடும். அல்லது "இன்னைக்கு மறந்துட்டேன் சித்தி" என்று சொல்லும். ஆணியில் தொங்குகிற கவசம் யாரையும் காப்பாற்றாது.

அதனால் புதிதாக வந்த கவசத்தைச் சித்திரை வெயிலில், எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே சோதித்தோம். நுரை உடம்புச் சூட்டில் மெல்ல இளகி, உடல்வாகுக்கு ஏற்றபடி படியும். அதனால் போட்ட உடனே முடிவு செய்யக் கூடாது. குறைந்தது ஐந்து நிமிடம் போட்டிருந்து, அப்புறம் பட்டைகளை மறுபடி சரி செய்ய வேண்டும். நாங்கள் அரை மணி நேரம் போட்டிருக்கச் சொன்னோம். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் குதிரையாக்கி, உட்கார்ந்து எழுந்து, குனிந்து, கையை நீட்டிக் கடிவாளம் பிடிப்பது போலச் செய்து பார்த்தாள். "அக்குள்ல உரசுது" என்றாள். அந்தக் கவசத்தைத் திருப்பி அனுப்பினோம். கையிடுக்கு இன்னும் அகலமாக வெட்டிய வேறொரு மாடல் வந்தது. அது சரியாக இருந்தது. மாற்றித் தருவார்களா என்று வாங்கும் முன்பே கேட்டு வைத்திருந்தது உதவியது.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொன்று. ஒரே பாளமாக நுரை வைத்த மாடலும் உண்டு, சின்னச் சின்னக் கட்டங்களாக நுரை வைத்த மாடலும் உண்டு. கட்டம் கட்டமாக இருப்பது உடம்போடு வளையும், இடையில் கொஞ்சம் காற்றும் போகும். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போதும். பயிற்சியைக் காலை 8 மணிக்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள். இடைவேளையில் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வயதில் உடல் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு 'இறுக்குது' என்பதைச் சொல்லாமலே இருக்கும். பெண்களின் உடலமைப்புக்கென்றே வெட்டிய மாடல்கள் உண்டு. ஸ்போர்ட்ஸ் பிரா போட்ட பிறகு அளவெடுங்கள். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள்.

காற்றுக் கவசம் என்கிறார்களே?

காரில் ஏர்பேக் இருக்கிற மாதிரி, காற்று நிரம்பும் கவசமும் இருக்கிறது. ஒரு கயிறு சேணத்தோடு மாட்டப்பட்டிருக்கும். விழும்போது கயிறு இழுபட்டு, உள்ளே இருக்கும் சின்ன வாயுக் குப்பி திறந்து, கண் சிமிட்டும் நேரத்தில் கவசம் உப்பிவிடும். நல்ல பொருள்தான். ஆனால் இறங்கும்போது கயிற்றைக் கழற்ற மறந்தால் அப்போதும் உப்பும், அந்தச் சத்தத்தில் குதிரையும் மிரளலாம். ஒவ்வொரு முறையும் புதுக் குப்பி மாற்ற வேண்டும். கயிறு இழுபடாமல் வருகிற அடிக்கு, அதாவது கீழே நிற்கும்போது வாங்குகிற உதைக்கு, அது விரியாது. தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி போட்டிகளில், காற்றுக் கவசத்தை வழக்கமான நுரைக் கவசத்துக்கு மேல் போடுவதுதான் நடைமுறை. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு முதலில் நல்ல நுரைக் கவசம் போதும்.

கவசம் செய்ய முடியாதது

இதையும் சொல்லியாக வேண்டும். 'சூப்பர்மேன்' படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் நல்ல குதிரை வீரர். 1995 மே மாதம் அமெரிக்காவில் ஒரு போட்டியில் குதிரை தடை தாண்டாமல் நின்றுவிட, முன்னால் தூக்கி எறியப்பட்டார். ஹெல்மெட் போட்டிருந்தார். கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு அசையாமல் போனது. கழுத்து முறிவதையோ, முதுகெலும்பு வளைந்து திருகுவதையோ, முழுக் குதிரையும் மேலே விழுவதையோ எந்தக் கவசமும் தடுத்துவிடாது. அடியைக் குறைக்கும், அவ்வளவுதான். 'கவசம் இருக்கிறதே' என்று தைரியமாக வேகம் கூட்டுவது தப்பு.

கவசத்துக்கும் முன்னால் ஹெல்மெட். அதுவும் குதிரையேற்றத்துக்கென்று செய்தது. பிஏஎஸ் 015, விஜி1, ஏஎஸ்டிஎம் எஃப்1163 போன்ற ஏதாவது ஒரு தர எண் அதில் இருக்கும். ஸ்கூட்டிக்குப் போடுகிற ஐஎஸ்ஐ ஹெல்மெட் ரோட்டுக்கானது. காலில் சின்னக் குதிகால் வைத்த ஷூ. செருப்போ தட்டையான ஷூவோ போட்டால் பாதம் அங்கவடிக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும். விழுந்த பிள்ளையைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவது அப்படித்தான்.

விழுந்துவிட்டால், ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தாதீர்கள். கழுத்து வலி, கை கால் மரத்துப் போவது, மயக்கம் என்று எது இருந்தாலும் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். எழுந்து நடந்தாலும், மூச்சு விடுவதில் சிரமமோ வயிற்று வலியோ வாந்தியோ இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அண்ணன் கவசம் தம்பிக்கு வேண்டாம்

நுரைக்கும் ஆயுள் உண்டு. மூன்று முதல் ஐந்து வருடத்தில் அதன் உறிஞ்சும் சக்தி குறையத் தொடங்கலாம். பலமாக விழுந்த பிறகு நுரையைத் தடவிப் பாருங்கள். அமுங்கிய இடம் அரை மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வர வேண்டும். வராமல் குழியாகவே இருந்தால் மாற்றிவிடுங்கள். யாரோ பயன்படுத்திய கவசத்தை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம். அது எத்தனை விழுகையைப் பார்த்ததோ நமக்குத் தெரியாது. துவைக்கும் மெஷினில் போடாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விட்டு வைக்காதீர்கள். அகலமான ஹேங்கரில் நிழலில் மாட்டி வையுங்கள்.

"எங்கள் வீட்டில் யாரும் குதிரை ஏறுவதில்லையே" என்கிறீர்களா? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரையில் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்துப் போட்டோ எடுக்கிறோம், மெரினாவிலும் ஏற்றுகிறோம். அதற்கெல்லாம் கவசம் வாங்க வேண்டாம். ஆனால் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும், ஓட விடக் கூடாது, துப்பட்டா தொங்கக் கூடாது, காலில் ஷூ இருக்க வேண்டும் என்பதையாவது கேட்டு வாங்கலாம். ஹெல்மெட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்கிறவர்கள் அதிகமானால் வைத்திருப்பார்கள்.

என் அக்கா மகள் மறுபடி குதிரை ஏறிவிட்டாள். முதல் நாள் கை நடுங்கியது, அவளுக்கும் எனக்கும். இப்போது ஞாயிறு விடியற்காலை அவள் கிளம்பும்போது அம்மா வாசலுக்கு வந்துவிடுகிறார். தேசிங்கு ராஜா பேச்செல்லாம் இல்லை. பேத்தியின் இரண்டு தோள் பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கிறார். கவசம் ஏறி வரவில்லை என்றால்தான், "சரி, பார்த்துப் போயிட்டு வா" என்கிறார்.

பழைய கவசத்தை நான் தூக்கிப் போடவில்லை. என் அலமாரியில், தீபாவளிக்குத் துணி எடுக்கிற பையின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை விரல் தானாக இரண்டு சைஸ் மேலே போகும்போது ஞாபகம் வர வேண்டும் அல்லவா?